அம்பை எந்தப் பக்கம் போடுவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் பிளஸ் ஒன் வேதியியலில் ‘வேதிப் பிணைப்புகள்’ பாடத்தைச் சுற்றியே இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்களில் பரீட்சை நெருங்குகிறது போலும். மாணவர்களின் கேள்விகளோடு, அடுப்படியிலிருந்து ஒன்றும் பழைய வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றும் வந்தன. அவற்றுக்கும் பதில் அதே பாடத்தில்தான் கிடக்கிறது என்பதால் சேர்த்தே போட்டிருக்கிறோம்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடிலும் தண்ணீரிலும் பிணைப்பு முனைவுள்ளதுதான். பிறகு ஏன் ஒன்றுக்கு இருமுனைத் திருப்புத்திறன் சுழியம், மற்றதற்கு 1.85 டிபை? மனப்பாடம் பண்ணாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?
– பிளஸ் ஒன் மாணவி, காரைக்குடி

உண்டு. மின்சுமை ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் முனைவுள்ளது; அந்தச் சாய்வின் அளவுதான் இருமுனைத் திருப்புத்திறன், அதன் அலகு டிபை. பிணைப்பு முனைவுள்ளதா என்பது ஒரு கேள்வி. மூலக்கூறு முனைவுள்ளதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பங்கிட்ட எலக்ட்ரானை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் வலு, பதில் சொல்லும். இரண்டாவதற்கு வடிவத்தைக் கேட்டாக வேண்டும். முதல் கேள்வியோடு பேனாவை மூடிவிடுகிறவர்கள்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பாலிங் அளவுகோலில் ஆக்சிஜன் 3.44, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. கார்பன்–ஆக்சிஜன் வித்தியாசம் 0.89, ஹைட்ரஜன்–ஆக்சிஜன் வித்தியாசம் 1.24. இரண்டிலுமே பங்கிட்ட எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் ஒதுங்கி நிற்கின்றன. இதுவரை இரண்டு மூலக்கூறும் ஒரே கதைதான்.

இனி நடு அணுவுக்கு வாருங்கள். கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான். இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நான்கும் செலவாகிவிட்டன, கையிருப்பு இல்லை. ஆக, எலக்ட்ரான் கூட்டம் இரண்டே திசையில் இருக்கிறது. ஒன்றையொன்று விலக்கி எதிரெதிரே போய் நிற்கும். கோணம் 180 டிகிரி. தண்ணீரில் ஆக்சிஜனுக்கு 6 எலக்ட்ரான். இரண்டு பிணைப்புக்கு 2 போக 4 மிச்சம். அதாவது இரண்டு தனித்த இரட்டைகள். பிணைப்பு இரண்டு, தனித்த இரட்டை இரண்டு என்று நான்கு திசை வந்துவிட்டதால் அடிப்படை வடிவம் நான்முகி. 109.5 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் தனித்த இரட்டைகள் நெருக்குவதால் 104.5 டிகிரி.

தேருக்கு முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம் கட்டி இரு பக்கமும் சம பலத்தோடு இழுத்தால் தேர் இருந்த இடத்திலேயே இருக்கும். அது கார்பன் டை ஆக்சைடு. இரண்டு வடத்தையும் முன்பக்கமே கொஞ்சம் விரித்துப் பிடித்து இழுத்தால் தேர் இரண்டுக்கும் நடுவாக முன்னேறும். அது தண்ணீர். கணக்காகப் பார்த்தால், ஒவ்வொரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் பங்கு சுமார் 1.51 டிபை. கோணத்தில் பாதி 52.25 டிகிரி, அதன் கொசைன் 0.612. 2 × 1.51 × 0.612 = 1.85. கார்பன் டை ஆக்சைடுக்குப் பாதிக் கோணம் 90 டிகிரி, கொசைன் சுழியம், விடையும் சுழியம். (அந்த 1.51 என்பதே 1.85-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்தது. தனித்த இரட்டைகளின் பங்கும் அதற்குள் அடக்கம். கோணத்தின் வேலையைப் புரிந்துகொள்ள மட்டும் இந்தக் கணக்கு.)

கந்தக டை ஆக்சைடில் நிறையப் பேர் சறுக்குவார்கள். சூத்திரம் கார்பன் டை ஆக்சைடு மாதிரியே இருக்கிறதே என்று நேர்கோடு போட்டுவிடுவார்கள். கந்தகத்துக்கு 6 எலக்ட்ரான். ஆக்சிஜன்களுக்கு 4 போக ஒரு தனித்த இரட்டை மிஞ்சும். அதனால் வளைவு, 119 டிகிரி, 1.63 டிபை. அதற்காகத் ‘தனித்த இரட்டை இருந்தால் முனைவுள்ளது’ என்று குறுக்குவழி எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். செனான் டெட்ரா ஃபுளூரைடில் இரண்டு தனித்த இரட்டைகள் உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. நான்கு ஃபுளூரினும் சதுரத்தின் நான்கு மூலையில். எல்லாம் எதிரெதிரே அடிபட்டுச் சுழியம்.

வடிவம் மனத்தில் நிற்காதவர்களுக்கு பலூன் போதும். நான்கு சிறு பலூன்களை ஒரே அளவாக ஊதி, வாய்களைச் சேர்த்து முறுக்கிக் கட்டுங்கள். தானாகவே நான்முகியாக நிற்கும். கழுத்தை நீளமாக விட்டுக் கட்டினால் சரிந்து தளத்தில் படுத்துவிடும். ஒட்டக் கட்ட வேண்டும். ஒரு பலூனை மட்டும் பெரிதாக ஊதிக் கட்டிப் பாருங்கள். மற்ற மூன்றும் நெருங்கும். பெரிய பலூன்தான் தனித்த இரட்டை. நெருங்கிய மூன்றும் அம்மோனியாவின் 107 டிகிரி.

கேள்வி: ஃபுளூரின்தான் எல்லாரையும்விட அதிகமாக இழுக்கும் என்கிறார்கள். ஆனால் அம்மோனியாவுக்கு 1.47 டிபை, நைட்ரஜன் டிரை ஃபுளூரைடுக்கு வெறும் 0.23 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?
– பிளஸ் ஒன் மாணவர், தேவகோட்டை

அச்சுப்பிழை இல்லை. கவர்தன்மை வித்தியாசத்தைப் பாருங்கள்: நைட்ரஜன்–ஹைட்ரஜன் 0.84, நைட்ரஜன்–ஃபுளூரின் 0.94. அளவில் ஏறக்குறைய ஒன்றுதான், திசைதான் தலைகீழ்.

நோட்டில் நைட்ரஜனை நடுவில் போட்டு, தனித்த இரட்டையை மேலே போடுங்கள். மூன்று பிணைப்பும் முக்காலியின் கால் மாதிரி கீழே. தனித்த இரட்டைக்கு மேல்நோக்கி ஓர் அம்பு. அம்மோனியாவில் எலக்ட்ரான் ஹைட்ரஜனிலிருந்து நைட்ரஜனுக்கு வருகிறது. மூன்று கால்களிலும் அம்பு மேல்நோக்கி. எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு 1.47 ஆகிறது. மற்றதில் ஃபுளூரின் எலக்ட்ரானைக் கீழே இழுக்கிறது; கால்களில் அம்பு கீழ்நோக்கி, தனித்த இரட்டையின் அம்பு மட்டும் மேல்நோக்கி. இரண்டும் மல்லுக்கட்டி மிஞ்சியது 0.23.

அம்பு போடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வேதியியல் புத்தகத்தில் அம்பின் நுனி எதிர்மின் முனையைப் பார்க்கும். வாலில் சிறு குறுக்குக்கோடு இருக்கும். இயற்பியல் புத்தகத்தில் இருமுனையின் திசை எதிர்மின்சுமையிலிருந்து நேர்மின்சுமைக்கு. ஒரே பையில் இரண்டு புத்தகமும் இருப்பதால் குழப்பம் வரத்தான் செய்யும். வேதியியல் தாளில் வேதியியல் வழக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள், ஒரே படத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: ஒரே தனிமத்தால் ஆன மூலக்கூறு முனைவற்றதாகத்தானே இருக்கும்?
– கோட்டையூர் வாசகர்

இரண்டு அணு மட்டும் இருந்தால் ஆமாம். மூன்று வந்தால் உறுதி இல்லை. ஓசோனில் மூன்றும் ஆக்சிஜன்தான், ஆனாலும் 0.53 டிபை. நடு ஆக்சிஜனும் ஓர ஆக்சிஜனும் ஒரே நிலையில் இல்லை: நடுவில் இருப்பது எலக்ட்ரானைக் கொஞ்சம் இழந்து நிற்கிறது, ஓரத்தில் இருப்பவை கூடுதலாக வைத்திருக்கின்றன. மூலக்கூறும் வளைந்தது. கார்பன் மோனாக்சைடு இதைவிட வேடிக்கை. கவர்தன்மைப்படி ஆக்சிஜன் பக்கம் பெரிய சாய்வு இருக்க வேண்டும். அளந்தால் 0.11 டிபைதான், அதுவும் எதிர்மின் முனை கார்பன் பக்கம்! கார்பனின் தனித்த இரட்டை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது கணக்கைத் திருப்பிவிடுகிறது.

கேள்வி: கவர்தன்மை வித்தியாசம் 0.5-க்குக் கீழே என்றால் முனைவற்ற பிணைப்பு, 1.7-க்கு மேல் என்றால் அயனிப்பிணைப்பு என்று வகுப்பில் சொல்கிறோம். ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு 1.78 வருகிறதே என்று மாணவர்கள் மடக்குகிறார்கள். என்ன சொல்லலாம்?
– முதுகலை ஆசிரியர், திருப்பத்தூர்

மடக்குகிற மாணவர்கள் கிடைத்தது நல்ல விஷயம். அந்த 1.7 வயல் வரப்பு மாதிரி: எல்லையைக் காட்டும், தண்ணீர் கசியவும் செய்யும். போரான் டிரை ஃபுளூரைடில் வித்தியாசம் 1.94; ஆனால் பொருள் சுமார் மைனஸ் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற வாயு, தனித்தனி மூலக்கூறுகள், மூன்று பிணைப்பும் ஒரே தளத்தில் 120 டிகிரியில் நிற்பதால் திருப்புத்திறன் சுழியம். சோடியம் ஹைட்ரைடில் வித்தியாசம் 1.27-தான், ஆனால் பொருள் அயனித் திண்மம். பிணைப்பை வகைபிரிக்க இந்த ஒரு எண் மட்டும் காணாது.

அதைவிட, எத்தனை சதவீதம் அயனித்தன்மை என்று கணக்கிட வையுங்கள். ஓர் எலக்ட்ரானின் மின்சுமையும் அதற்கு எதிர்ச்சுமையும் 1 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்றால் திருப்புத்திறன் 4.80 டிபை. எனவே பிணைப்பு நீளத்தை ஆங்ஸ்ட்ராமில் எடுத்து 4.80-ஆல் பெருக்கினால், எலக்ட்ரான் முழுசாகக் கைமாறியிருந்தால் வரவேண்டிய மதிப்பு கிடைக்கும். அளந்த மதிப்பை அதால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

ஹைட்ரஜன் குளோரைடு: நீளம் 1.27, 1.27 × 4.80 = 6.10, அளந்தது 1.08, விடை சுமார் 18 சதவீதம். ஹைட்ரஜன் ஃபுளூரைடு: 0.92 × 4.80 = 4.42, அளந்தது 1.82, விடை 41 சதவீதம். ஹைட்ரஜன் புரோமைடு 12, ஹைட்ரஜன் அயோடைடு 6 என்று இறங்கிக்கொண்டே போகும். வித்தியாசம் 1.78 இருந்தும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு பாதிகூடத் தாண்டவில்லை என்பதை மாணவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும். மறுபக்கம், ஆவி நிலையில் தனி மூலக்கூறாக இருக்கும் சாப்பாட்டு உப்பு: நீளம் 2.36, முழுக் கைமாற்றத்துக்கு 11.3, அளந்தது 9.0, விடை 79 சதவீதம். அங்கேயும் நூறு இல்லை.

பிழை வரும் இடம் அலகு. புத்தகங்கள் நீளத்தைப் பிக்கோமீட்டரில் கொடுக்கும். 127 பிக்கோமீட்டரை 1.27 ஆக்காமல் அப்படியே பெருக்கிவிட்டு 0.18 சதவீதம் என்று எழுதிய விடைகள் அடிக்கடி கண்ணில் படும்.

கேள்வி: கவுனி அரிசி ஊறவைத்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிவிடுகிறது. ஆனால் வரமிளகாயைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் சிவப்பு இறங்குவதில்லை. எண்ணெயில் போட்டால் உடனே இறங்குகிறது. பேத்தி இதுவும் முனைவுத்தன்மைதான் என்கிறாள். மெய்யா?
– கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி

மெய்தான் ஆச்சி. கவுனியின் கருநீலம் ஆந்தோசயனின் வகை. அந்த மூலக்கூறில் ஒரு சர்க்கரைத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை முழுக்க ஆக்சிஜன்–ஹைட்ரஜன் கைகள். ஒவ்வொன்றும் முனைவுள்ள பிணைப்பு. தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொண்டு கரைந்துவிடும். மிளகாயின் சிவப்பு காப்சாந்தின். நாற்பது கார்பன் நீளத்துக்கு ஒரு சங்கிலி, முனைகளில் இரண்டொரு ஆக்சிஜன். கார்பன்–ஹைட்ரஜன் வித்தியாசம் 0.35-தான், அதில் தண்ணீர் பிடிக்க ஒன்றுமில்லை. எண்ணெயும் அதே மாதிரி நீளக் கார்பன் சங்கிலி என்பதால் இரண்டும் கலந்துகொள்கின்றன. மஞ்சள் பொடியின் நிறமும் இந்தச் சாதிதான்.

அடுப்படிக்கு இதில் இரண்டு வேலை இருக்கிறது. கவுனியை முதலில் இரண்டு முறை அலசிவிட்டு, அப்புறம் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். கொட்டினால் நிறம் சாக்கடைக்குத்தான். அதில் சோடா உப்பு போட வேண்டாம், நிறம் நீலமாகவோ பச்சையாகவோ திரிந்துவிடும். குழம்புக்கு மிளகாய்ப் பொடியைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நிறம் மங்கலாகத்தான் நிற்கும். எண்ணெயில், தீயைக் குறைத்து, அரை நிமிடம் பிரட்டிவிட்டுப் பிறகு புளி ஊற்றினால் மேலே மிதக்கிற எண்ணெய் சிவந்து வரும். தீ கூடினால் நிறம் இறங்குவதற்குள் பொடி கருகிவிடும். கல்பாசி, சோம்பு, அன்னாசிப்பூவை எண்ணெயில் முதலில் தாளிப்பதற்கும் இதுதான் காரணம்; வாசனைச் சத்து எண்ணெயோடு போகிற ரகம்.

காரம் தலைக்கேறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லாததும் இதனால்தான். காரத்துக்குக் காரணமான கேப்சைசினில் முனைவுள்ள பகுதி கொஞ்சம் உண்டு. ஆனாலும் நீண்ட கார்பன் வால் அதைத் தண்ணீரில் கரைய விடுவதில்லை. தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும். பால், தயிர் எடுத்தால் அதிலுள்ள கேசின் புரதமும் கொழுப்பும் அதைப் பற்றிக்கொண்டு இறக்கிவிடும். கொழுப்பெடுத்த நீர்மோருக்கு அந்தப் பலம் கொஞ்சம் குறைவு.

கேள்வி: முனைவுத்தன்மை கூடினால் கொதிநிலையும் கூடும் என்று எழுதினேன்; தவறு என்று அடித்துவிட்டார்கள். எது தவறு?
– பிளஸ் ஒன் மாணவர், புதுவயல்

வாக்கியத்தில் ஒரு நிபந்தனை விட்டுப்போயிற்று: ‘மூலக்கூறின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்’. மீத்தேனில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். மீத்தேன் சுழியம் டிபை, கொதிநிலை மைனஸ் 161 டிகிரி. ஒரு குளோரின்: 1.87 டிபை, மைனஸ் 24. இரண்டு: 1.60 டிபை, 40 டிகிரி. மூன்று, அதாவது குளோரோஃபார்ம்: சுமார் 1.04 டிபை, 61 டிகிரி. நான்கு, கார்பன் டெட்ரா குளோரைடு: மறுபடி சுழியம், ஆனால் கொதிநிலை 77 டிகிரி. திருப்புத்திறன் ஏறி இறங்கியிருக்கிறது. கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. குளோரின் ஒவ்வொன்றும் 17 எலக்ட்ரானோடு வருகிறது. எலக்ட்ரான் கூட்டம் பெருக்கப் பெருக்க லண்டன் விசை, அதாவது முனைவற்ற மூலக்கூறுகளுக்கு இடையிலும் இருக்கும் கணநேர ஈர்ப்பு, வலுத்துக்கொண்டே போகும். முனைவுத்தன்மை இல்லாத குறையை அது ஈடுகட்டிவிடுகிறது.

முனைவுத்தன்மையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஒரே சூத்திரமுள்ள இரட்டையர்களை எடுக்க வேண்டும். டை குளோரோ எத்திலீனில் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இருந்தால், அதாவது சிஸ் வடிவில், 1.90 டிபை, 60 டிகிரி. எதிர்ப்பக்கம் இருந்தால், டிரான்ஸ் வடிவில், சுழியம், 48 டிகிரி. அணுக்கள் அதேதான், எடை அதேதான். அந்த 12 டிகிரி வித்தியாசத்தை முனைவுத்தன்மையின் பெயரில் எழுதலாம்.

தண்ணீர் தனி வகை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதே குடும்பம், அதைவிடக் கனம். மைனஸ் 60 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பால். 1.85 டிபை என்ற எண்ணை மட்டும் காட்டி அதை விளக்க முடியாது, அசிட்டோனுக்கு 2.88 டிபை, கொதிப்பது 56 டிகிரியிலேயே.

கேள்வி: பழைய வீட்டில் புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேன் போட்டோம். தொட்டால் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்பு கெட்டதா, ஆள் கெட்டதா?
– வீட்டுப் பராமரிப்பாளர், பள்ளத்தூர்

இரண்டும் இல்லை, ஃபேன்தான். சுண்ணாம்புப் பூச்சு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாக மாறுகிறது. உலர்ந்த சுண்ணாம்போடு அந்த வாயு ஏறக்குறைய வேலையே செய்யாது. முதலில் துளைகளில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைய வேண்டும்.

காரைக்குடி மாணவியின் கேள்வி இங்கே வேறு உருவில் வருகிறது. மூலக்கூறு முனைவற்றது, ஆகவே அம்மோனியா மாதிரி லிட்டருக்கு அரைக்கிலோ எல்லாம் கரையாது. தூய கார்பன் டை ஆக்சைடு வாயு முழு வளிமண்டல அழுத்தத்தில் இருந்தாலும் 25 டிகிரியில் லிட்டருக்கு 1.45 கிராம்தான். வெளிக்காற்றில் அது நூற்றில் 0.04 பங்குதானே, அப்போது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் பிணைப்பு முனைவுள்ளது: கார்பன் எலக்ட்ரான் குறைந்து நிற்கிறது. சுண்ணாம்பு நீரிலுள்ள ஹைட்ராக்சைடு அயனி அந்தக் கார்பனைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடுகிறது. கரைந்தது உடனுக்குடன் தீர்ந்துபோவதால் அடுத்தது கரைகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வந்துகொண்டே இருக்கும். எனவே பூச்சு மேலிருந்து உள்ளே மெதுவாகத்தான் இறுகும்.

தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்தாலும் ஆகாது. நீரில் இந்த வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. துளைகள் நிறைந்துபோனால் கதவடைத்த மாதிரி. ஈரச்சாக்குத் தொங்கவிட்டு வெயிலையும் காற்றையும் மறையுங்கள். முதல் வாரம் பத்து நாள், தினம் இரண்டு மூன்று முறை புகைபோலத் தெளியுங்கள், ஓட விடாதீர்கள். ஒரு கோட் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடுத்த கோட்டுக்கு முன் ஓரத்தில் சுரண்டி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் ஃபினால்ப்தலீன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடர் ரோஜா நிறம் வந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கிறது. நிறம் வராத ஆழம் வரைதான் கல்லாகியிருக்கிறது. உதிர்ந்த பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிச்சுவரை நனைத்து, புதிதாகப் பூசுவதுதான் வழி. மேலே தண்ணீர் தெளித்து மாவை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: சீப்பைத் தலையில் தேய்த்துக் குழாய்த் தண்ணீர் அருகே கொண்டுபோனால் தண்ணீர் வளைகிறது. இது முனைவுத்தன்மைக்கு நிரூபணம் என்று கண்காட்சியில் வைக்கலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், நாட்டரசன்கோட்டை

வேடிக்கையாக வைக்கலாம். தாரை 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் தடவாத உலர்ந்த முடி. சீப்பு தாரைக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, தொடாமல். ஒரு சொட்டு தெறித்தாலும் மின்சுமை போய்விடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எடுபடாது. பங்குனியில் பிரமாதமாக வரும்.

நிரூபணம் என்று மட்டும் எழுத வேண்டாம். மின்புலம் சீராக இருந்தால் இருமுனையைத் திருப்புமே தவிர இழுக்காது. குழாய்த் தண்ணீரில் அயனிகள் உண்டு. சீப்பின் சுமை அவற்றைத் தள்ளியும் இழுத்தும் தாரையிலேயே எதிர்ச்சுமை ஏற்றிவிடுகிறது. வளைவில் பெரும்பங்கு அதுதான். ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்று மண்ணெண்ணெய், பெட்ரோல் தாரைகளிடம் சீப்பைக் கொண்டுபோகாதீர்கள், பொறி பட்டால் தீ.

நேர்மையான சோதனை வேண்டுமானால் அயோடின். சோதனைக்குழாயில் தண்ணீர் 5 மில்லி, ஹெக்சேன் 5 மில்லி, அரிசிக் குருணை அளவு அயோடின். மூடிக் குலுக்கி நிமிர்த்தி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் மேலடுக்கு ஊதா, கீழடுக்கில் வெளிறிய பழுப்பு மட்டும். அயோடினில் இரண்டு அணுவும் ஒன்றே, சாய்வு ஏதுமில்லை. தன் இனத்தோடு மேலே போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆசிரியர் உடன் இருக்க, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஹெக்சேனுக்குப் பதில் ரேஷன் மண்ணெண்ணெய் எடுத்தால் அதன் நீலச் சாயம் நிறத்தைக் குழப்பிவிடும்.

கேள்வி: நீட் வினாத்தொகுப்பில் பாரா டை குளோரோ பென்சீனுக்குச் சுழியம், குயினாலுக்குச் சுழியம் இல்லை என்று விடை. இரண்டிலும் எதிரெதிரே ஒரே தொகுதிதானே இருக்கிறது?
– ஒரு மாணவியின் தந்தை, கண்டனூர்

குளோரின் ஒற்றை அணு. அம்பு வளையத்தின் அச்சிலேயே போகும். எதிரெதிர் இரண்டும் அடிபடும். குயினாலில், அதாவது பாரா டை ஹைட்ராக்சி பென்சீனில், ஆக்சிஜனுக்கு அப்பால் ஒரு ஹைட்ரஜன் சாய்ந்து நிற்கிறது. கார்பன்–ஆக்சிஜன் அம்புகள் அடிபட்டுவிடும். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் அம்புகள் அச்சில் இல்லை. அவை சுழன்றுகொண்டே இருப்பதால் சில நேரம் எதிரெதிராகவும் சில நேரம் ஒரே பக்கமாகவும் வரும், சராசரி சுழியமாகாது. ‘எதிரெதிரே ஒரே தொகுதி’ என்று பார்த்ததும், அந்தத் தொகுதி நேராக நிற்கிறதா, முழங்கை மடக்கி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது என்கிறார்கள். முனைவுள்ள கரைப்பான்தான் தேவை என்றால் தண்ணீரையே ஊற்றலாமே?
– பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி

1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த நிலையம் அது; மின்வேதியியல்தான் அதன் தொழில். பேட்டரிக்குள் லித்தியம் உப்பைக் கரைத்து அயனிகளைப் பிரித்துவைக்க முனைவுள்ள கரைப்பான் வேண்டும் என்பது சரி. தண்ணீர் சுமார் 1.23 வோல்ட்டிலேயே பிளவுபடத் தொடங்கும். இந்தச் செல் வேலை செய்வது 3.7 வோல்ட் அருகில். போதாக்குறைக்குத் தண்ணீர் லித்தியத்தோடு வினைபுரியும். வழக்கமாகப் போடும் லித்தியம் ஹெக்சா ஃபுளூரோ பாஸ்பேட் உப்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடைக் கிளப்பும். அதனால்தான் மில்லியனில் சில பத்துப் பங்கு ஈரம்கூட ஆகாது என்று உலர் அறையில் வேலை செய்கிறார்கள்.

போடுவது கார்பனேட் கரைப்பான்கள், அதுவும் இரண்டு மூன்றைக் கலந்து. எத்திலீன் கார்பனேட், டை மெத்தில் கார்பனேட் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடுவில் ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று ஆக்சிஜன்; பிணைப்புகள் ஒரே வகை. எத்திலீன் கார்பனேட்டில் அவை ஐந்து முனை வளையமாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து 5 டிபைக்குக் கொஞ்சம்தான் குறைவு. மற்றதில் வளையம் இல்லை. ஓரத்து மெத்தில் கைகள் இரண்டும் அம்புகள் பெரும்பாலும் அடிபடுகிற மாதிரித் திரும்பிக்கொள்கின்றன. 1 டிபைக்கும் கீழே. முன்னதன் மின்காப்பு மாறிலி (எதிரெதிர்ச் சுமைகளின் ஈர்ப்பை எத்தனை மடங்கு தணிக்கும் என்ற எண்) 40 டிகிரியில் சுமார் 90, பின்னதற்கு 3 சொச்சம்.

முன்னதை மட்டும் ஊற்றினால் உப்பு நன்றாகப் பிரியும். ஆனால் அது 36 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகிற பொருள். சித்திரை வெயிலில் காரைக்குடியில் திரவம், மார்கழிக் காலையில் மெழுகு. உருகினாலும் கொழகொழப்பு அதிகம், அயனி ஊர்ந்துதான் போகும். பின்னது தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் உப்பைப் பிரிக்காது. ஆகவே இரண்டையும் சரிபாதி அளவில் கலந்து, லிட்டருக்கு ஒரு மோல் உப்புப் போட்டுத் தொடங்குவது வழக்கம். குளிர் தேசத்துக்கு அனுப்பும் செல் என்றால் எத்திலீன் கார்பனேட்டின் பங்கைக் குறைப்பார்கள்.